ஒரு கையில் விளக்கு, மறு கையில் பேரேடு

இந்த வருஷச் சந்திப்புக்காக முன்னாள் மாணவர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை நண்பர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். என்ன பெரிய வேலை, நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. பெரிய கம்பெனியில் மேனேஜராக இருப்பவர்கள், வெளிநாட்டில் குடியேறியவர்கள், சொந்தத் தொழில் வைத்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவர்கள், இவர்கள் எல்லாம் படிவத்தை உடனே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். மற்ற கட்டங்கள் காலி. சிலருக்குப் பழைய விலாசம், சிலருக்கு மாறிப்போன போன் நம்பர். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு நண்பன் மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டுப் போனவன். அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை. பட்டம் வாங்கியவர்களை வைத்துத்தானே பட்டியல் போட்டிருக்கிறோம்!

நம்ம காலேஜில் படித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று மேடையில் பேசுகிறோம். பதில் அனுப்பியவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும்தான் அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியும். இரண்டும் ஒன்றல்லவே?

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் ஒரு பழைய மனுஷியின் நினைவு வந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் படித்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான் அவர். அந்த விளக்கு நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விளக்கோடு நடந்த காலம் இரண்டு வருஷத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு அவர் ஐம்பத்து நாலு வருஷம் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதியைப் பேனாவும் பேரேடுமாகக் கழித்தார். தன் பள்ளியில் படித்துப் போன நர்ஸ்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பாதிக் கதை நம் புத்தகத்தில் இல்லை.

நாம இன்ஜினியர்கள், நமக்கு எதற்கு நர்ஸ் கதை என்று தம்பி தங்கைகள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இதில் சாக்கடை இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, புள்ளிவிவரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு கல்வி நிலையத்தை எதை வைத்து எடைபோடுவது என்ற கேள்வி இருக்கிறது.

கணக்கு படித்த பெண்

1820-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி, இத்தாலியில் உள்ள ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் நல்ல வசதியான குடும்பம். டெர்பிஷயரில் ஒரு வீடு, ஹாம்ஷயரில் ஒரு மாளிகை. தகப்பனார் வில்லியம் நைட்டிங்கேல் படித்த மனிதர். இரண்டு பெண்களுக்கும் தானே ஆசிரியராக இருந்து கிரேக்கம், லத்தீன், வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இளையவளுக்கு மட்டும் கணக்கில் தனி மோகம்.

பதினாறு வயதில், 1837-இல், கடவுள் தன்னை ஒரு சேவைக்கு அழைத்ததாக உணர்ந்தார். அது என்ன சேவை என்று தெளிவாகவே பல வருஷம் பிடித்தது. 1845-இல் ஆஸ்பத்திரியில் போய் நர்ஸ் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டபோது பெரிய ரகளையே ஆகிவிட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் படிப்பில்லாதவள், குடிப்பவள் என்ற எண்ணம்தான் ஜனங்களுக்கு. பெரிய வீட்டுப் பெண் அங்கே போவதா? வீட்டார் மறுத்துவிட்டார்கள். இருந்தாலும் அவர் விடவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கும் விடிகாலையில் எழுந்து ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். 1851-இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி. 1853-இல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவ விடுதிக்குப் பொறுப்பாளர். அப்போது அவருக்கு வயது 33.

ஸ்கூடாரியில் கற்ற பாடம்

1854-இல் கிரிமியப் போர். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் ஈ மாதிரிச் செத்து விழுகிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அவருக்கு நெருங்கிய நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி 38 பெண்களோடு கிளம்பி, நவம்பர் 4-ஆம் தேதி துருக்கியில் ஸ்கூடாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார் அம்மையார். துவைத்தார்கள், துடைத்தார்கள், சமைத்தார்கள், இரவெல்லாம் விளக்கோடு நடந்தார்கள். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டேதான் போனது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் அளவுக்குப் போய்விட்டது.

அடுத்த மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அதில் டாக்டர் சதர்லேண்டும், ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் இன்ஜினியரும் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் வரும் வழியில் செத்த மிருகங்கள் கிடந்தன. அதையெல்லாம் சுத்தம் செய்தார்கள், காற்றோட்டம் செய்தார்கள். ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 பேர் அளவுக்கு இறங்கியது.

போர் முடிந்து 1856-இல் ஊர் திரும்பிய அம்மையாரை நாடே தெய்வமாகக் கும்பிட்டது. அவரோ கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தார். வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணர் துணையோடு படை முழுவதன் சாவுக் கணக்கையும் எடுத்தார். காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் பல மடங்கு என்பது தெரிந்தது. இதை எம்.பி.க்களும் மந்திரிகளும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளட்டும் என்று, ரோஜா இதழ் மாதிரி விரிந்த வட்டப் படமாக 1858-இல் போட்டார். அதே வருஷம் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

நல்ல மனசோடு உழைத்துவிட்டால் மட்டும் பலன் வந்துவிடாது. வந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஸ்கூடாரி அவருக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

பள்ளியும் பேரேடும்

போர் நடக்கும்போதே மக்கள் அவர் பெயரில் ஒரு நிதி திரட்டினார்கள். சிப்பாய்கள்கூட ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். மொத்தம் 44,000 பவுன் சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதல் தொகுதியில் 15 பேர். வயது 25 முதல் 35 வரை. தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். கைச்செலவுக்கு வருஷம் 10 பவுன். ஒரு வருஷம் படித்து முடித்ததும், நிதிக்குழு சொல்லும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில வருஷம் வேலை பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தம்.

இந்தப் பள்ளியின் நோக்கம் செயின்ட் தாமஸுக்கு ஆள் பிடிப்பது அல்ல. இங்கே படித்தவர்கள் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போய், அங்கே இன்னும் பலருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு விளக்கிலிருந்து பல விளக்கு ஏற்றுகிற ஏற்பாடு. ஆகவே படித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் பள்ளியின் உண்மையான பரீட்சை முடிவு.

அதற்காக ஒரு பேரேடு வைத்தார்கள். ஒவ்வொரு பயிற்சி நர்ஸ் பெயரிலும் மேட்ரன் மாதாமாதம் மதிப்பீடு எழுதவேண்டும். நேரம் தவறாமை, அமைதி, நம்பிக்கை, சுத்தம் என்று குணத்துக்கு ஒரு பக்கம். கட்டுப்போடுவது, அட்டை விடுவது, படுக்கை போடுவது, நோயாளிக்குச் சமைப்பது, நோயாளியைக் கவனித்து டாக்டரிடம் சரியாகச் சொல்வது என்று தொழிலுக்கு ஒரு பக்கம். மிக நன்று என்பதிலிருந்து பூஜ்யம் வரை ஐந்து படிகள். படிப்பு முடிந்தபிறகு எந்த ஊர், எந்தப் பதவி என்பதும் அதில் சேரும். சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமல்ல, பாதியில் விலகியவர்கள், நீக்கப்பட்டவர்கள், நோயால் இறந்தவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு வரி உண்டு. சேர்ந்த அத்தனை பேரும் கணக்கில் இருந்தார்கள். நம் பட்டியலில் இல்லாதது இதுதான்.

நர்ஸ்களுக்கு என்ன ஆகிறது என்பதை அவர் தன் பள்ளிக்கு மட்டும் கேட்கவில்லை. லண்டனில் 15 ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த மேட்ரன்கள், சிஸ்டர்கள், நர்ஸ்கள் ஆகியோரின் சாவுக் கணக்கை எடுத்து, ஆஸ்பத்திரிகள் பற்றிய தன் புத்தகத்தின் 1863-ஆம் வருஷப் பதிப்பில் அட்டவணையாகப் போட்டார். ஊரில் உள்ள மற்றப் பெண்களைவிடத் தொற்றுநோயால் இவர்கள் அதிகம் சாகிறார்கள் என்று அது காட்டியது. பிறர் உயிரைக் காக்கப் போனவர்களின் உயிரை யார் எண்ணுவது என்று கேட்டவர் அவர்.

கணக்கு தனக்கு எதிராக வந்தபோதும் அவர் மறைக்கவில்லை. கிராமங்களுக்கு மருத்துவச்சிகளை உருவாக்க, கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அதே நிதியிலிருந்து ஒரு பயிற்சி வார்டு நடந்துகொண்டிருந்தது. அங்கே பிரசவ ஜன்னியில் தாய்மார்கள் இறந்தார்கள். 1867-இல் அந்த வார்டையே மூடிவிட்டார்கள். அதோடு விடவில்லை. பல ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளின் சாவுக் கணக்கைச் சேகரித்து 1871-இல் புத்தகமாகவே போட்டார்.

லிவர்பூல் ஒரு பக்கம், சிட்னி ஒரு பக்கம்

முதல் பத்து வருஷத்தில் வெளியே போனவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும்.

ஆக்னஸ் ஜோன்ஸ் 1862-இல் பயிற்சி பெற்றவர். லிவர்பூலில் ஏழைகள் விடுதியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அவர்களைப் பார்த்துக்கொண்டதும் அதே விடுதியில் இருந்த ஏழைப் பெண்கள்தான், எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். வில்லியம் ராத்போன் என்ற வியாபாரி செலவை ஏற்றுக்கொள்ள, 1865-இல் ஆக்னஸ் ஜோன்ஸ் 12 நர்ஸ்களோடு அங்கே போனார். மூன்றே வருஷத்தில் அந்த இடத்தை மனுஷர்கள் இருக்கும் இடமாக மாற்றினார். 1868 பிப்ரவரியில் டைஃபஸ் காய்ச்சல் அவரையே கொண்டுபோய்விட்டது. வயது 35. நைட்டிங்கேல் அம்மையார் அவரைத் தன் மாணவிகளிலேயே சிறந்தவராகக் கருதி, மனம் உருகி ஒரு கட்டுரை எழுதினார்.

அதே 1868, மார்ச் மாதம். லூசி ஆஸ்பர்ன் என்ற மாணவி ஐந்து நர்ஸ்களோடு ஆஸ்திரேலியாவில் சிட்னி போய் இறங்கினார். இறங்கின ஒரு வாரத்தில் அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் இளவரசர் ஆல்ஃபிரெடைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள். அவரைக் கவனித்துப் பிழைக்கவைக்கும் பொறுப்பு இந்தப் புது நர்ஸ்களுக்கு வந்தது. அதன்பிறகு ஆஸ்பர்னுக்கு வந்ததெல்லாம் தொல்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு தகராறு, டாக்டர்களோடு தகராறு, கூட வந்த நர்ஸ்கள் சிலரோடும் மனஸ்தாபம். லண்டனுக்குப் போன கடிதங்களைப் பார்த்து நைட்டிங்கேல் நம்பிக்கை இழந்தார். உறவே முறிந்துபோனது. அவர் கணக்கில் சிட்னி ஒரு தோல்வி.

ஆனால் நடந்தது என்ன? 1873-இல் அரசாங்க விசாரணைக் குழு ஒன்று அந்த ஆஸ்பத்திரியைப் பரிசோதித்து, ஆஸ்பர்ன் பக்கம்தான் நியாயம் என்று சொல்லியது. 1884 வரை அவர் அங்கேயே இருந்து உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நியூ சவுத் வேல்ஸில் நவீன நர்ஸ் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

பேரேடு வைத்திருந்தாலும் இப்படித் தப்பு நடக்கும். அவசரப்பட்டு ஒரு பெயருக்கு எதிரே தோல்வி என்று எழுதிவிட்டால், பதினைந்து வருஷம் கழித்து வருகிற பலன் அந்தக் கட்டத்தில் ஏறாது. வேலை கிடைக்காத நம்ம தம்பிகளைப் பற்றி முதல் வருஷமே தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

பத்து வருஷம் கழித்துத் தெரிந்த உண்மை

1857-லிருந்தே அம்மையாருக்கு உடம்பு சரியில்லை. கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் மிச்சம். பெரும்பாலும் படுக்கையறையில் இருந்தபடியேதான் வேலை. இந்திய ராணுவச் சுகாதாரம், ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் என்று அறுபதுகள் முழுவதும் வேலை நெரித்தது. பள்ளியை மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையாரும் நிதிக்குழுவும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தார்.

இதற்குள் பள்ளியின் புகழ் உலகமெல்லாம் பரவிவிட்டது. பல நாடுகளிலிருந்து நைட்டிங்கேல் நர்ஸ் வேண்டும் என்று கடிதம் வருகிறது. அனுப்ப ஆள் இல்லை. ஏன் இல்லை? 1872 வாக்கில் உட்கார்ந்து துருவ ஆரம்பித்தார். பயிற்சி நர்ஸ்களையும் பயிற்சி முடித்தவர்களையும் வீட்டுக்கு வரவழைத்துப் பேசினார். அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளை வாங்கிப் படித்தார். தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பாடம் எடுக்கவேண்டிய மருத்துவர் பல வருஷமாக ஒழுங்காக வகுப்பே எடுக்கவில்லை, குடிப்பழக்கம் வேறு. மேட்ரன் எழுதிய மதிப்பீடுகளை அப்படியே நம்பமுடியவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்களை, செலவில்லாத வேலைக்காரிகளாக வார்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் போனவர்களும், உடம்பு கெட்டுப் போனவர்களும் ஏராளம்.

யோசித்துப் பாருங்கள். உலகமே பாராட்டும் ஒரு பள்ளி. ஸ்தாபகர் பெயரே அதற்கு விளம்பரம். அவர் சும்மா இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. தன் பெயரில் உள்ள பள்ளி தன் பெயருக்குத் தகுதியாக இல்லை என்பதை அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்து, உட்கார்ந்து அழவில்லை. பழைய மருத்துவர் போனார். ஜான் கிராஃப்ட் என்ற நல்ல சர்ஜன் வந்து, பாடத்திட்டம் போட்டு வகுப்பு எடுத்தார். பயிற்சிப் பெண்களைக் கவனிக்க ஹோம் சிஸ்டர் என்று தனியாக ஒருவரை நியமித்தார்கள். 1872-லிருந்து அம்மையார் மாணவிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு நீண்ட கடிதம் எழுதும் வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி, தன் கையால் குறிப்பு எழுதினார்.

நம் தொழிலில் இது தெரிந்த விஷயம்தான். ஒரு பம்ப் தொழிற்சாலையில் டெஸ்ட் பெஞ்ச்சில் நன்றாகத்தான் ஓடும். கிணற்றில் இறக்கி ஆறு மாதம் கழித்து விவசாயி என்ன சொல்கிறார் என்று போய்க் கேட்டால்தான் டிசைனில் உள்ள குறை தெரியும். ஆஹா ஓஹோ என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் மட்டும் கேட்டால் எதுவும் தெரியாது. பம்பைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

கடிதமும் முட்டைக் கூடையும்

அதற்குப் பிறகு வந்த தலைமுறை வேறு மாதிரி இருந்தது. ஏஞ்சலிக் பிரிங்கிள் எடின்பரோ ராயல் இன்ஃபர்மரியில் தலைமை ஏற்றார். பிறகு 1887-இல் வார்ட்ரோப்பர் ஓய்வு பெற்றபோது செயின்ட் தாமஸுக்கே மேட்ரனாகத் திரும்பி வந்தார். ரேச்சல் வில்லியம்ஸ் 1876-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரிக்கு மேட்ரன். ஃபிளாரன்ஸ் லீஸ் 1874-இல் ஏழைகளின் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் நர்ஸ் சங்கத்துக்குத் தலைவி. ஆலிஸ் ஃபிஷர் இங்கிலாந்தில் பல ஊர் ஆஸ்பத்திரிகளைச் சீர்படுத்திவிட்டு, 1884-இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். நாலு வருஷத்தில் அங்கேயே இறந்தார். மரியா மெஷின் 1875-இல் கனடாவில் மான்ட்ரியலுக்குப் போனார். பழுதுபட்ட பழைய கட்டடத்தை மாற்றித்தர நிர்வாகத்தால் முடியவில்லை. 1878-இல் திரும்பிவிட்டார். நல்ல பயிற்சி கொடுத்து ஆளை அனுப்பினாலும், போகிற இடம் சரியில்லை என்றால் பலன் வராது என்பதும் கணக்கில் சேர்ந்தது.

இத்தனை பேரோடும் அம்மையார் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அந்தக் கடிதங்கள் வெறும் விசாரணை அல்ல. புது இடத்தில் தனியாகக் கஷ்டப்படும் மேட்ரனுக்கு யோசனை சொல்வார். டாக்டர்கள் மதிக்கவில்லை என்று எழுதினால் ஆறுதல் சொல்வார். உடம்பு சரியில்லாத நர்ஸுக்கு முட்டை, ஜெல்லி, பூ என்று கூடையில் அனுப்புவார். களைத்துப்போனவரைத் தன் வீட்டிலேயே வந்து தங்கி ஓய்வெடுக்கச் சொல்வார். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர், நீ எப்படி இருக்கிறாய் என்றும் கேட்டார். அதனால்தான் அவர்களும் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். வெறும் படிவத்தை நீட்டினால் யார் நிரப்பப் போகிறார்கள்?

பெயர்ப் பதிவா, தொடர்ந்த கவனிப்பா?

1887-க்குப் பிறகு ஒரு பெரிய சண்டை வந்தது. பரீட்சை வைத்து, தேறியவர்களை ஒரு தேசியப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும் என்று எதெல் ஃபென்விக் அம்மையார் தலைமையில் ஒரு சங்கம் கிளம்பியது. நைட்டிங்கேல் கடுமையாக எதிர்த்தார். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். காரணம் என்னன்னா, ஒருமுறை பரீட்சை எழுதிப் பெயர் ஏறிவிட்டால் இருபது வருஷம் கழித்தும் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். அந்த நர்ஸ் இன்று எப்படி வேலை பார்க்கிறாள் என்று அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. அதைக் கூட வேலை பார்ப்பவர்கள்தான் சொல்லமுடியும் என்பது அவர் கட்சி.

இதில் அவர் தோற்றார் என்றே சொல்லவேண்டும். அவர் மறைந்தபிறகு 1919-இல் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்திலும் 1926-இல் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேடு இல்லாவிட்டால் போலிகள் நுழைவார்கள். ஊர்பேர் தெரியாத நோயாளிக்கு அதுதான் பாதுகாப்பு. லட்சக்கணக்கான நர்ஸ்களை ஒருவரே கடிதம் போட்டுக் கவனிக்கமுடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் சாகவில்லை. சான்றிதழ் அன்றைக்கு இருந்த தகுதியைச் சொல்லும். இன்றைக்கு இருப்பதை யார் சொல்வது?

குடிசைக்குப் போன பாடம்

எழுபது வயதுக்கு மேல் அவர் செய்த ஒரு காரியம் அதிகம் பேருக்குத் தெரியாது. 1892-இல் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில், தன் அக்காள் வாழ்க்கைப்பட்ட வெர்னி குடும்பத்தின் உதவியோடு, கிராமத்துக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் பெண்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் போட்டார். இவர்கள் நர்ஸ்கள் அல்ல. நோய் வந்தபிறகு பார்ப்பது நர்ஸ் வேலை. நோய் வராமல் வீட்டை, கிணற்றை, குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது என்று தாய்மார்களுக்குச் சொல்வது இவர்கள் வேலை. அந்தப் பகுதிச் சுகாதார அதிகாரியான டாக்டர் பாடம் நடத்துவார். பிறகு அந்தப் பெண்களைக் குடிசை குடிசையாகக் கூட்டிக்கொண்டு போய் நேரில் காட்டுவார். பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது, குடிசைத் தாயோடு சமமாக உட்கார்ந்து பேசத் தெரியவேண்டும். வாசலில் நின்று பிரசங்கம் செய்துவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை என்பது அம்மையாரின் எண்ணம்.

இந்த முறையை இந்தியக் கிராமங்களுக்கும் கொண்டுவரவேண்டும் என்று அவர் எழுதினார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் 1865-லேயே இந்திய ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் முறை எப்படி அமையவேண்டும் என்று யோசனைகள் எழுதிக்கொடுத்தவர். 1876 முதல் 1878 வரை நம் சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தைப் பற்றிப் படித்து, கடனிலும் பட்டினியிலும் கிடந்த குடியானவர்களுக்காக லண்டன் பத்திரிகையில் கோபத்தோடு எழுதியவர்.

1901 வாக்கில் கண்பார்வை போய்விட்டது. 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயர்ந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, 90-ஆம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றபோது குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். ஹாம்ஷயரில் ஒரு கிராமத்துச் சர்ச்சில் அடக்கம். கல்லில் முழுப்பெயர்கூட இல்லை, முதலெழுத்துகளும் தேதிகளும்தான்.

நமக்கு என்ன?

பொதுச் சுகாதாரப் பயிற்சி கொடுக்கிற நிலையங்கள் இன்று நம் நாட்டிலும் உண்டு. சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிலையம் 2001 முதல் நோய்ப் பரவலைத் துப்பறியும் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்பதோடு முடிவதில்லை. அவர்கள் இன்று எந்த மாவட்டத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள்? கற்றதைப் பயன்படுத்த அங்கே வழி இருக்கிறதா? வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? ஒரு ஊரில் காய்ச்சல் பரவும்போது அங்கே பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது.

நம் காலேஜுக்கும் இது பொருந்தும். கேம்பஸ் இன்டர்வியூவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று போர்டு வைக்கிறோம். சந்தோஷம். ஐந்து வருஷம் கழித்து அவர்கள் எங்கே என்று யாரும் போர்டு வைப்பதில்லை. சேர்ந்து படிப்பை விட்டவர்களுக்குப் போர்டே கிடையாது.

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களோடு படித்து, இந்த மலரின் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேடிப் பிடித்து ஒரு போன் போடுங்கள். என்ன வேலை என்று முதலில் கேட்காதீர்கள், எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களுக்கு வேலை கிடைக்காமல் போனாலும், தொழில் நொடித்தாலும், அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். நல்ல செய்தி மட்டும் வந்தால் காலேஜுக்குத் தன் குறை தெரியாது.

என் ஹாஸ்டல் நண்பனைக் கண்டுபிடித்துவிட்டேன். இன்னொரு நண்பன் மூலம், மூன்று போன் மாற்றி. சொந்த ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பட்டம் வாங்காதவன் சந்திப்புக்கு வரலாமா என்று தயங்கினான். சேர்ந்தவர்கள் எல்லோரும் நம்ம கணக்குத்தான் என்று சொல்லி, அவன் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். விழாவுக்கு வருகிறான்.